சாந்தில்லாத சுவர்களின் மேல் ஐந்து நாள்: சிங்க்வே தெர்ரே நடைப்பயணம்

செப்டம்பர் 21, 2019, சனிக்கிழமை: லெவான்தோ – மோன்தெரோஸ்ஸோ

காலை எட்டரை மணிக்கு லெவான்தோ கடற்கரையை விட்டு மேலே ஏறத் தொடங்கியபோது காற்று அசையவே இல்லை. இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், லெவான்தோவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் நடுவே, மலை நேராகக் கடலில் இறங்குகிற இடத்தில் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமாஜோரே என்ற அந்த ஐந்தையும் சேர்த்துச் சிங்க்வே தெர்ரே, அதாவது ஐந்து நிலங்கள், என்கிறார்கள். ஐந்து ஊர்களுக்கும் ரயில் உண்டு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நேரமும் பெரும்பாலும் சுரங்கப் பாதைக்குள்ளேயே கழிந்துவிடும் என்பதால் நடந்துதான் போக வேண்டும் என்று என் தங்கை ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடிவாதத்தால் அமைந்த பயணம் இது.

லெவான்தோவிலிருந்து மோன்தெரோஸ்ஸோவுக்குப் போகும் பாதைக்குக் கட்டணம் இல்லை. முதல் அரை மணி நேரம் வீடுகளுக்கு நடுவே படிகளில் ஏறுகிறோம். அதன் பிறகு பைன் மரங்களும் என்றும் பசுமையாக நிற்கும் ஓக் மரங்களும் சூழ்ந்த காட்டுப் பாதை. காய்ந்த பைன் ஊசிகள் பாறையின் மேல் மெத்தைபோலப் படிந்திருந்ததால் கால் வழுக்கியது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்று நினைத்தது பெரும் தவறு. வழியில் எங்கும் குழாய் கிடையாது. கடலை ஒட்டிப் போகிற பாதையில் தாகம் எடுக்காது என்று ஏனோ நம்பியிருந்தோம்.

ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரத்தில், பூந்தா மெஸ்கோ என்ற முனையில், புனித அந்தோணியார் பெயரிலான பழைய துறவியர் மடத்தின் இடிபாடு நிற்கிறது. கூரை போய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே நின்றால் ஐந்து ஊர்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். என்னை நிறுத்தி வைத்ததோ ஊர்கள் அல்ல. ஊர்களுக்கு மேலே, மலைச்சரிவு முழுவதும், சீப்பால் வாரியதுபோலக் கிடைக்கோடுகள் அடியிலிருந்து உச்சிவரை ஓடிக்கொண்டிருந்தன. பாறையின் அடுக்குகள் என்று நான் நினைத்தேன். தங்கை தொலைநோக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, அது பாறை இல்லை, சுவர்" என்றாள்.

இறக்கத்தில் செங்குத்தான கற்படிகள். கடைசி வாய் தண்ணீரும் தீர்ந்து கால் நடுங்கத் தொடங்கிய வேளையில் எதிரே எழுபது வயதைக் கடந்த ஒரு தம்பதியர் ஏறி வந்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்தவுடன் தம் பாட்டிலைத் திறந்து எங்கள் பாட்டிலில் பாதியை ஊற்றினார். அவருடைய கணவர், நேராக இறங்காமல் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கச் சொல்லி, தாமே நான்கு படி இறங்கிக் காட்டினார். அவர்களுக்கு இன்னும் ஏற்றம் முழுவதும் பாக்கி இருந்தது. அந்த நிலையிலும் தண்ணீரைப் பகிர்ந்தார்களே என்பதை இரவு படுக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மோன்தெரோஸ்ஸோவில் நெத்திலிதான் உணவின் அரசன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுத் தந்த ஒரு தட்டு 11 யூரோ. மேசைக்கென்று ஆளுக்கு 2 யூரோ தனி. எலுமிச்சையின் புளிப்பிலேயே வெந்ததுபோல மீன் வெளுத்திருந்தது. நாவில் வைத்தால் கரைந்தது.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை: மோன்தெரோஸ்ஸோவில் மழை

விடியற்காலையில் இடி. ஜன்னலைத் திறந்தால் கடலும் வானமும் ஒரே ஈய நிறம். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள் என்றும், எச்சரிக்கை இல்லாவிட்டாலும் இன்று தாம் யாரையும் அனுப்ப மாட்டேன் என்றும் விடுதிக்கார அம்மாள் கண்டிப்பாகச் சொன்னார். ஒரு நாள் வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. அந்த வருத்தத்தைப் பார்த்தோ என்னவோ, அவர் எங்களைப் படிக்கட்டின் அடிக்கு அழைத்துச் சென்று, சுவரில் என் தலைக்கு மேல் இருந்த ஒரு கோட்டைக் காட்டினார். 2011 அக்டோபர் 25 அன்று சேறு நின்ற மட்டம் அது.

மோன்தெரோஸ்ஸோவின் பழைய தெருவுக்கும், அடுத்த ஊரான வெர்னாட்ஸாவின் பெரிய தெருவுக்கும் அடியில் ஓடை ஓடுகிறது. அந்த ஓடைகளை மூடித்தான் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். அன்று பிற்பகல் சில மணி நேரத்துக்குள் மலையில் கொட்டிய மழை, மண்ணையும் மரங்களையும் கற்களையும் உருட்டிக்கொண்டு வந்து அந்த மூடிய வழியை அடைத்தது. அடைபட்ட வெள்ளம் தெருவின் மேலேயே ஆறாக ஓடியது. வெர்னாட்ஸாவில் மூன்று பேரும், இங்கே மற்றவர்களைக் காப்பாற்றப் போன ஒரு தன்னார்வலரும் இறந்தார்கள். கடைகளின் முதல் தளம் வரை சேறு ஏறியதாம். கார்கள் கடலில் மிதந்ததை அவர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர், தெருக்கதவின் இருபுறமும் பதித்திருந்த இரும்புக் காடியில் செருகியிருந்த ஓர் அலுமினியப் பலகையைக் காட்டினார். மழை வலுத்தால் முதல் வேலை அதுதான். இன்றும் காலை ஐந்து மணிக்கே செருகிவிட்டிருந்தார்.

"வந்தது கடல் அல்ல, மலை" என்றார். "மேலே யாரும் இல்லாததால் வந்தது." அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு அன்று விளங்கவில்லை.

மதியம் அவரே சமைத்தார். திரோஃபியே என்ற முறுக்கிய சிறு மாவுத் துண்டுகளை உருளைக்கிழங்கோடும் பீன்ஸோடும் ஒரே பானையில் வேகவைத்து, பெஸ்தோ கலந்து தந்தார். பேசில் இலை, பைன் பருப்பு, பூண்டு, கல் உப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் இவற்றைப் பளிங்கு உரலில் மர உலக்கையால் அரைத்தது அது. குத்தக் கூடாது, சுவரோடு வைத்துத் தேய்க்க வேண்டும், குத்தினால் இலை கறுத்துவிடும் என்று தங்கையின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். மாலையில் மழை விட்டது. அந்தச் சாப்பாட்டுக்கு அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 23, திங்கட்கிழமை: மோன்தெரோஸ்ஸோ – வெர்னாட்ஸா

இந்தப் பகுதிக்கு நுழைவு அட்டை வேண்டும், 2019-இல் ஆளுக்கு 7.50 யூரோ. பாதை தொடங்கும் இடத்தில் சிறு கூண்டில் இருந்தவர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்போடு வந்து மாட்டிக்கொள்பவர்களை மலையிலிருந்து மீட்டு மீட்டு அலுத்துப்போனதால், பொருந்தாத காலணியோடு நடப்பவர்களுக்கு 50 யூரோவிலிருந்து அபராதம் என்று இந்த ஆண்டு அறிவித்திருக்கிறார்கள். எனக்கு இது சரியான கண்டிப்பாகவே பட்டது. நேற்றைய மழையில் படிகளெல்லாம் ஈரமாக இருந்தன.

எலுமிச்சைத் தோட்டங்களைத் தாண்டியதும் படிகள் தொடங்குகின்றன. நூற்றுக்கணக்கான படிகள், ஒன்றுக்கொன்று உயரம் வேறு. பாதை சில இடங்களில் ஒருவர் மட்டுமே போகக்கூடிய அகலம். ஒருபுறம் சுவர், மறுபுறம் கடலை நோக்கி வெறும் வெளி. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது மலையில் நடப்பவர்களின் வழக்கம். உள்ளூர்க்காரர்கள் ஒரு 'புவோன் ஜோர்னோ' வணக்கம் சொல்லி, கடல் பக்கத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு எங்களைச் சுவர்ப்பக்கம் விட்டார்கள். கும்பலாக வந்தவர்களில் சிலர் படம் எடுப்பதற்காகக் குறுகலான இடத்திலேயே நின்று, பின்னால் இருபது பேரைக் காக்கவைத்தது வருத்தமாக இருந்தது.

ஏற்றத்தின் உச்சியில், திராட்சைப் பாத்திகளுக்கு நடுவே, தங்கையின் வலது காலணியின் அடிப்பாகம் முன்பக்கத்தில் பிளந்து முழுவதுமாகத் தொங்கிவிட்டது. நான்கு ஆண்டு பழைய காலணி; மழையில் நனைந்த பசை விட்டிருக்க வேண்டும். பையில் கயிறு கிடையாது. அவள் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இது திராட்சை அறுவடைக் காலம். மேல் பாத்தியில் பழம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் தங்கையின் முன்னால் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து பச்சை நிறத்தில் மெல்லிய ரப்பர் குழாய்ச் சுருளை எடுத்தார். கொடிகளைக் கம்பியோடு கட்டுவதற்கு வைத்திருப்பது அது. இழுத்தால் நீளும், கொடியின் தண்டை அறுக்காது. விரல் பக்கம் மூன்று சுற்று, பாதத்தின் நடுவில் குறுக்காக இரண்டு சுற்று, குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு முடிச்சு. முடிச்சு அடியில் வந்தால் வழுக்கும் என்று சைகையால் காட்டி, அதைக் கணுக்காலின் வெளிப்பக்கத்துக்கு நகர்த்தினார். பிறகு எழுந்து நின்று, நடந்து காட்டு என்று கையசைத்தார். அவள் நடந்தாள், காலணி அசையவில்லை. பணம் நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டு, மேலே போய் இரண்டு குலைத் திராட்சையைக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் அவருக்குப் பின்னால், ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் சிறு வண்டி ஒன்று பழப்பெட்டிகளோடு கடகடத்து மேலே போனது. இத்தனை செங்குத்தான சரிவில் இயந்திரம் என்று போகக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முதுகும் கையும்.

அந்தக் கட்டோடு அவள் வெர்னாட்ஸா வரை ஒன்றரை மணி நேரம் நடந்தாள். ஊர் மேலிருந்து முதலில் தெரிவது கோட்டைக் கோபுரம், பிறகு கடலின் விளிம்பிலேயே நிற்கும் புனித மார்கரீத்தா தேவாலயம், அதன் காலடியில் சின்னத் துறைமுகம். அழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் பெரிய தெருவில் நடந்தபோது, காலடியில் ஓடை ஓடுகிறது என்பதை மறக்க முடியவில்லை.

மாலை ரயிலில் லா ஸ்பெட்சியா போய் 59 யூரோவுக்கு நடைக் காலணி வாங்கினோம். பச்சைக் குழாயை அவிழ்த்துத் தங்கை பையில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை: வெர்னாட்ஸா – கொர்னீல்யா – வொலாஸ்த்ரா – மனரோலா

மிக நீண்ட நாள், என்னைப் பொறுத்தவரை பயணத்தின் உயிரான நாள். ஆலிவ் மரங்களுக்கு நடுவே பிரேவோ என்ற சிற்றூரைத் தொட்டு, சுமார் இருநூறு மீட்டர் உயரம் வரை ஏறிக் கொர்னீல்யாவுக்கு இறங்கினோம். ஐந்து ஊர்களில் இது மட்டும் கடலோரத்தில் இல்லை. நூறு மீட்டர் உயரப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரயிலில் வருபவர்கள் 382 படி ஏற வேண்டும், இல்லையென்றால் சிறு பேருந்தைப் பிடிக்க வேண்டும். அங்கே பேசில் இலையில் செய்த ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், 2.50 யூரோ. இனிப்பும் இலையின் காரமும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

கொர்னீல்யாவிலிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாகப் போகும் பாதை மண்சரிவால் மூடிக் கிடந்தது. அதனால் மேலே ஏறி, வொலாஸ்த்ரா என்ற மலையூர் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் கடுமையான ஏற்றம். அதன் பிறகு பாதை திடீரெனச் சமதளமாகித் திராட்சைப் பாத்திகளின் நடுவே, சுவர்களின் விளிம்பிலேயே நடக்கிறது. ஒவ்வொரு பாத்தியும் இரண்டு மூன்று மீட்டர் அகலம். கீழே ஒரு சுவர், அதன் மேல் கொடிகள், அதற்கு மேல் அடுத்த சுவர். கண்ணுக்கு எட்டிய கீழ்க்கோடியில் நீலக் கடல்.

அந்தச் சுவர்களில் ஒன்றை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். இளமையில் கப்பலில் வேலை பார்த்ததால் ஆங்கிலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் நான்கு மீட்டர் நீளத்துக்குச் சரிந்துவிட்டது என்றார். சரிந்த கற்களைப் பெரியது, நடுத்தரம், சல்லி என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். நாங்கள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. அடிக்கல் பாறையின் மேல் உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் இணைப்பின் மேல் அமர வேண்டும். சுவர் மலையின் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். முன்பக்கக் கல்லுக்குப் பின்னால் சல்லியை அள்ளிக் கொட்டக் கூடாது. ஒவ்வொன்றாகச் செருகி, ஆடாமல் இறுக்க வேண்டும். மழைநீர் சல்லிக்குள் இறங்கி, கற்களின் இடுக்கு வழியாக வெளியே வடிந்துவிடும். சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாத்தியின் வேறொரு மூலைக்கு அழைத்துப் போய், முன்பு யாரோ சிமெண்ட் வைத்துக் கட்டிய ஒரு துண்டைக் காட்டினார். பின்னால் தேங்கிய நீர் தள்ளியதில் அது ஒரே பலகையாக முன்னால் சாய்ந்து நின்றது.

தங்கை தானும் ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டாள். அவர் குவியலைக் கைகாட்டினார். அவள் அகலமான, மொழுமொழுப்பான முகம் உள்ள கல்லாகப் பார்த்து எடுத்து, அந்த முகம் வெளியே தெரியும்படி வைத்தாள். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கல்லை எடுத்து, கால் வட்டம் திருப்பி, அதன் நீளம் முழுவதும் மலைக்குள் போகும்படி வைத்தார். வெளியே தெரிந்தது அதன் சின்ன, கரடுமுரடான முனை மட்டும். "அழகான முகத்தை வெளியே வைத்தால் ஒரு மழைதான் தாங்கும்" என்றார். பிறகு உள்ளங்கையால் கல்லை அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்து, ஒரு சல்லித் துண்டை அடியில் செருகி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். மறுபடி அழுத்தினார். சத்தம் மாறியிருந்தது, கலகலப்பு போய் மந்தமாகக் கேட்டது. அந்த மந்தச் சத்தம் வந்த பிறகுதான் அடுத்த கல்லை எடுத்தார்.

'மேலே யாரும் இல்லாததால்' என்று விடுதிக்கார அம்மாள் சொன்னது எனக்கு அங்கே விளங்கியது. சுவர் கட்டியவர் கையை நீட்டிய பக்கத்தில், அடுத்த சரிவில், பாத்திகளைப் புதர் மூடியிருந்தது. சொந்தக்காரர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் திரும்பவில்லை. காட்டுப்பன்றிகள் கிழங்கு தேடிக் கல்லைப் பெயர்க்கின்றன. ஒரு கல் விழுகிறது, எடுத்து வைக்க ஆள் இல்லை. அடுத்த மழையில் சுவர் வயிறு தள்ளுகிறது. அதற்கடுத்த மழையில் பாத்தியே இறங்கி ஓடையில் விழுந்து ஊருக்குள் போகிறது. 1997-இல் இந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 1999-இல் தேசியப் பூங்கா ஆனது, சாந்தில்லாமல் கல்சுவர் அடுக்கும் கலையையும் 2018-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. இத்தாலி உட்பட எட்டு நாடுகளுக்குச் சேர்த்து வந்த அங்கீகாரம் அது. நல்லதுதான் என்றார் அவர். கல் தூக்க நாளை யார் வருவார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. லட்சக்கணக்கானவர்கள் வந்து பார்க்கும் காட்சி இத்தகைய சில கைகளை நம்பி நிற்கிறது என்பது என்னை உண்மையாகவே கலங்க வைத்தது. நாங்கள் கொடுத்த 7.50 யூரோ இந்தக் கைகள் வரை எட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வொலாஸ்த்ராவில் தேவாலயத்துக்கு எதிரே தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஆலிவ் மரங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி மனரோலா வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இரவு ஷக்கெத்ரா என்ற இனிப்பு மதுவை ஒரு சிறு கிண்ணம் வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம், 8 யூரோ. அறுத்த திராட்சையை நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, வற்றிய பழத்தைக் காம்பு நீக்கிப் பிழிவதால் மிகக் கொஞ்சமே கிடைக்கும். அந்த விலையைப் பற்றி நேற்று கேட்டிருந்தால் அதிகம் என்றிருப்பேன்.

செப்டம்பர் 25, புதன்கிழமை: மனரோலா – ரியோமாஜோரே

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கடல்மட்டத்துக்குச் சற்று மேலே 'காதல் பாதை' என்று புகழ்பெற்ற ஒரு நடைவழி இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஏற்றமே இல்லை. 2012 செப்டம்பர் 24 அன்று பாறை சரிந்து நான்கு பெண்கள் காயமடைந்ததிலிருந்து, நாங்கள் போன 2019 வரையிலும், மூடிக் கிடந்தது. நேற்றோடு ஏழு ஆண்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு மிஞ்சியது பெக்காரா என்ற பழைய பாதை. மலையின் முதுகில் நேராக ஏறி, மறுபுறம் நேராக இறங்குகிறது; சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் முழங்கால் உயரப் படிகள். வெயில் ஏறிவிட்டது. ஏழெட்டு முறை நின்றோம். பூச்சிகளின் ரீங்காரத்தைத் தவிர உச்சியில் சத்தமே இல்லை.

இறங்கும் வழியில், படியின் நடுவில், தேங்காய் அளவு கல் ஒன்று கிடந்தது. பக்கத்துச் சுவரில் அது இருந்த பொந்து தெரிந்தது, உள்ளே ஈரமண். தங்கை பையை இறக்கி வைத்தாள். கல்லை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, பொந்துக்குள் விட்டுப் பார்த்து, வெளியே எடுத்து, கால் வட்டம் திருப்பி, நீளப் பக்கம் உள்ளே போகும்படி நுழைத்தாள். ஆடியது. படியோரத்தில் கிடந்த சல்லிகளில் மூன்றைப் பார்த்து எடுத்து அடியில் செருகி, இன்னொரு கல்லால் தட்டினாள். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். சத்தம் மந்தமாகும்வரை நான் பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.